எப்போது வந்தது? எடை குறைப்பு அறுவைக்குப் பிறகு தொல்லைகளைக் கண்டறியும் வழி

அறுவை முடிந்து ஆறாவது வாரம். மூன்று நாளாக எதைச் சாப்பிட்டாலும் ஏதாவது ஒரு தொல்லை. சாப்பிட்டதையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு உணவியல் ஆலோசகரிடம் போனேன். அவர் அந்தத் தாளைக் கையில் வாங்கவே இல்லை. "சாப்பிட்டு எத்தனை நிமிடம் கழித்து வந்தது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. முட்டையா மீனா என்று கணக்கு வைத்திருந்தேனே தவிர, கடிகாரத்தைப் பார்த்திருக்கவில்லை.

அன்றிலிருந்து என் நோட்டில் முதல் மூன்று கட்டங்கள் நேரத்துக்குத்தான். அறுவை ஆகி எத்தனை வாரம்? கடைசி வாய்க்குப் பிறகு எத்தனை நிமிடம்? தொல்லை எவ்வளவு நேரம் நீடித்தது? என்ன சாப்பிட்டோம் என்பது நான்காவது கட்டம். ஒரே வாந்தி இரண்டாம் நிமிடத்தில் வந்தால் ஒரு காரணம், இரண்டாம் மணியில் வந்தால் வேறு காரணம். ஆறாவது வாரத்தில் வந்தால் ஒன்று, ஆறாவது மாதத்தில் வந்தால் இன்னொன்று. கீழே உள்ள வரிசையும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நான் மருத்துவர் இல்லை. மூன்றாண்டுகளாக இந்தச் சிறிய இரைப்பையோடு குடித்தனம் நடத்துகிறேன். உங்கள் மருத்துவக் குழு சொல்வது இதற்கு மாறாக இருந்தால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

தொடங்கும் முன், உங்களுக்கு நடந்தது எந்த அறுவை என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லீவ் என்றால், இரைப்பையின் வெளிவளைவை ஒட்டிய 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு ஒல்லியான குழாய் போன்ற பகுதியை மட்டும் விட்டுவைப்பது. உணவைச் சிறுகுடலுக்குள் அளந்து அனுப்பும் கீழ்வாய் வால்வு அப்படியே இருக்கும். பைபாஸ் என்றால், இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலில் கொண்டுபோய் இணைப்பது. அங்கே அந்த வால்வு உணவின் பாதையிலேயே வராது. பல தொல்லைகளின் வேர் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

இந்தப் பகுதியை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள இன்னொருவரும் படித்திருக்கட்டும்.

முதல் சில வாரங்களில், சும்மா படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுகிறது, கூடவே காய்ச்சல், மூச்சிரைப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி அல்லது இடது தோளில் வலி என்றால், தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கலாம். சில நேரம் நாடித்துடிப்பு மட்டுமே முதலில் காட்டிக்கொடுக்கும். வயிறு அமைதியாகவே இருக்கும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வந்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். இரண்டுக்கும் மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

ரத்த வாந்தி, தார்போல ஒட்டும் கறுப்பு மலம். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுக்க வைக்கும். ஆனால் அது பிசுபிசுப்பாக, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு இருக்காது. சந்தேகமாக இருந்தால் நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் காட்டிவிடுங்கள்.

ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை என்றாலும் போக வேண்டும்.

வாந்தி பல நாட்கள் அல்லது வாரங்கள் தொடர்ந்து, அதன் மேல் பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் என்று ஏதாவது ஒன்று வந்தால், அது தயமின் எனப்படும் வைட்டமின் பி1 தீர்ந்துபோனதன் அறிகுறி. உடலில் இதன் இருப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். கவனிக்காமல் விட்டால் மூளையில் நிரந்தரச் சேதம் ஆகும். அவசர சிகிச்சைப் பிரிவில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் கொடுத்தாக வேண்டும். குளுக்கோஸைச் செரிக்க உடல் மிச்சமிருக்கும் தயமினையும் செலவழித்துவிடும். "எனக்கு எடை குறைப்பு அறுவை நடந்திருக்கிறது, பல நாளாக வாந்தி, தயமின் கொடுத்தீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நோயாளி மருத்துவருக்குப் பாடம் எடுக்கலாமா என்று தயங்க வேண்டாம்.

கடைசியாக, பைபாஸ் ஆகி மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, நலமாக இருந்தவருக்குத் திடீரென முறுக்கிப் பிழிவது போன்ற வயிற்று வலி. குடலை மாற்றி இணைத்தபோது உண்டான இடைவெளிக்குள் குடலின் ஒரு பகுதி நுழைந்து சிக்கியிருக்கலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு. எடை நிறையக் குறைந்த பிறகும், கர்ப்ப காலத்திலும் இதற்கான வாய்ப்பு கூடும். வாயுத் தொல்லை என்று சொல்லி அனுப்பிவைத்தாலும், வலி நிற்கவில்லை என்றால் அறுவை செய்த குழுவைத் தொடர்புகொள்ளாமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

சாப்பிடும்போதே, அல்லது ஐந்து நிமிடத்துக்குள்: நெஞ்சில் அடைத்துக்கொண்டது

முதலாண்டில் நம்மில் பெரும்பாலானோர் சந்திக்கும் தொல்லை இதுதான். மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு கல் உட்கார்ந்தது போன்ற அழுத்தம். வாய் நிறைய உமிழ்நீர். பிறகு நுரைநுரையாகக் கோழை மேலே வரும். உணவு பையின் வாசலில் நின்றுவிட்டது, அதை வழுக்கிவிட உடல் கோழையைச் சுரந்து தள்ளுகிறது. நெஞ்சு வலி என்று பயந்துவிடுவோம். கடிகாரம் இங்கே உதவும்: கரண்டியைக் கையில் வைத்திருக்கும்போதே தொடங்கி, நுரை வந்ததும் அல்லது உணவு இறங்கியதும் சட்டென்று விட்டுவிடுகிறது என்றால் அடைப்புதான். சாப்பாட்டோடு தொடர்பில்லாமல் வரும், கைக்கும் தாடைக்கும் பரவும் வலியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்; அது இதயத்துக்கான அவசரம்.

செய்ய வேண்டியது: உடனே நிறுத்துங்கள். "இந்த ஒரு வாய் மட்டும்" என்பது இங்கே செல்லாது. எழுந்து நின்று மெதுவாக நடங்கள். உமிழ்நீரை விழுங்காமல் துப்பிவிடுங்கள். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். கீழே வழி இல்லாதபோது மேலே ஊற்றிய தண்ணீரும் சேர்ந்து திரும்பும், இரட்டை வேதனை. குமிழி விடும் பானமும் வேண்டாம். பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் ஏதோ ஒரு பக்கம் வழிவிடும். அன்றைக்கு மிச்ச நேரம் நீராகாரம் மட்டும், மறுநாள் மசித்தது, அதற்கடுத்த நாள் மென்மையான உணவு. உரசி வீங்கிய வாசலில் அடுத்த வேளையே கறித்துண்டை அனுப்பினால் மறுபடியும் அடைக்கும். நான் அனுப்பினேன், அடைத்தது.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். முதல் சந்தேகம் உலர்ந்த இறைச்சி மீது, அதிலும் நேற்று சமைத்து இன்று சூடாக்கியது. மென்று முடிக்கும்போது அது கூழாகாமல் நாராகவே நிற்கும். இரண்டாவது சந்தேகம் ரொட்டி, சோறு போன்று நனைந்ததும் உருண்டையாகத் திரளும் உணவு. ஆனால் என் நோட்டு சொல்வது வேறு. என் அடைப்புகளில் பாதிக்கு மேல் உணவால் வந்தவை அல்ல. முதல் மூன்று வாய்களால் வந்தவை. அகோரப் பசியோடு உட்கார்ந்தால் முதல் வாய் பெரிதாகத்தான் இருக்கும். சுண்டுவிரல் நகத்தளவு துண்டு, இருபது இருபத்தைந்து முறை மெல்லுதல், விழுங்கிய பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம். ஒரு வேளைக்கு இருபது முதல் முப்பது நிமிடம். குழந்தைக்கான கரண்டி வாங்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, வேலை செய்தது. பேசிக்கொண்டே சாப்பிட்டால் மெல்லுவதை மறந்துவிடுகிறோம் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அடைக்கிறதா? அப்போது முதல் கட்டத்துக்குப் போங்கள்: எத்தனை வாரம்? அறுவை ஆகி ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள், போன வாரம் இறங்கிய மென்மையான உணவு இந்த வாரம் இறங்கவில்லை, மசித்தது மட்டும் இறங்குகிறது, அடுத்த வாரம் அதுவும் இல்லை, நீராகாரம்தான் என்று வழி நாளுக்கு நாள் குறுகுகிறது என்றால், குறை உங்கள் மெல்லுதலில் இல்லை. இணைப்பு ஆறும்போது தழும்பு இறுகி வாய் சுருங்கிவிட்டது. எண்டோஸ்கோபி வழியாகச் சிறு பலூனை உள்ளே விட்டு விரித்துவிடுவார்கள். சிலருக்கு ஒரு முறையில் தீரும், சிலருக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும். ஸ்லீவிலும் குழாயின் நடுவில் இப்படி இறுகுவதோ மடங்குவதோ உண்டு. நான் இரண்டு வாரம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன், "உனக்கு மெல்லத் தெரியவில்லை" என்று. அந்த இரண்டு வாரமும் வீண்.

10 முதல் 30 நிமிடத்தில்: படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, ஓட்டமாகக் கழிவறை

இதற்கு டம்பிங் என்று பெயர். பைபாஸ் ஆனவர்களுக்கு அதிகம், ஸ்லீவ் ஆனவர்களில் சிலருக்கும் வரும். அளந்து விடும் வால்வு வழியில் இல்லாததால், இனிப்பும் செறிவும் மிகுந்த உணவு அப்படியே சிறுகுடலில் கொட்டுகிறது. அதை நீர்க்கச் செய்ய உடல் ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. குடலும் பலவகை ஹார்மோன்களை ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுகிறது. ரத்தத்தில் நீர் குறைந்தால் இதயம் ஓட்டமெடுக்காமல் என்ன செய்யும்?

வந்துவிட்டால் படுத்துவிடுங்கள். மாற்றுமருந்து எதுவும் இல்லை. அரை மணி, ஒரு மணியில் அடங்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்.

வராமல் தடுக்க, சர்க்கரை சேர்த்த பானத்தையும் பழச்சாற்றையும் விடுங்கள். பழமாகக் கடித்துச் சாப்பிட்டால் வராத டம்பிங், அதே பழம் சாறானதும் வருவதைப் பார்ப்பீர்கள். தட்டில் புரதத்தை முதலில் முடியுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள். சாப்பிட்டு முடித்து 30 நிமிடம் காத்திருங்கள். நீர் சேர்ந்தால் பையில் தங்க வேண்டிய உணவு கழுவிக்கொண்டு இறங்கிவிடும், டம்பிங்கும் வரும், வயிறும் விரைவில் காலியாகும். "சர்க்கரை குறைவு" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல் பின்பக்கத்து எண்களைப் படியுங்கள்.

டம்பிங் ஒரு நல்ல வாத்தியார், அடித்துத் திருத்திவிடும் என்று சிலர் மகிழ்ச்சியோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. பலருக்கு அது வருவதே இல்லை. வந்தவர்களிலும் பலருக்கு நாளடைவில் மங்கிவிடுகிறது. அடிக்கு அஞ்சி மட்டும் இனிப்பை விட்டவர், அடி நின்றதும் என்ன செய்வார்?

1 முதல் 3 மணி நேரத்தில்: கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல், திடீர்க் கோரப் பசி

மேலே சொன்னதும் இதுவும் ஒரே முகச்சாயல். ஆனால் நேர்மாறான சிகிச்சை. அதனால்தான் கடிகாரம் வேண்டும் என்கிறேன். மாவும் சர்க்கரையும் மிகுந்த உணவு குடலில் வேகமாகக் கொட்டியதால் ரத்த சர்க்கரை எகிறியது. கணையம் அளவுக்கு மீறி இன்சுலின் சுரந்தது. இப்போது சர்க்கரை தடாலென்று கீழே விழுந்திருக்கிறது. இது பெரும்பாலும் அறுவை ஆகி ஓராண்டுக்குப் பிறகுதான் தலைகாட்டும். "இவ்வளவு நாள் நன்றாகத்தானே இருந்தேன்" என்று குழம்பவேண்டாம்.

குளுக்கோமீட்டர் இருந்தால் அந்த நேரத்திலேயே விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்தோ குளுக்கோஸ் மாத்திரையாகவோ எடுத்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஏறியதும் அத்தோடு நிறுத்தாமல், முட்டை அல்லது பாலாடைக்கட்டி போல ஏதாவது கொஞ்சம் புரதம் சாப்பிடுங்கள். இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது: சர்க்கரை சாப்பிட்டதும் தெளிந்துவிடுகிறது, ஆகவே இனிப்பே மருந்து என்று மனம் முடிவு கட்டும், அந்த இனிப்பே அடுத்த சரிவைக் கொண்டுவரும். அவசரத்துக்கு மட்டும்தான் சர்க்கரை. நீண்ட காலத் தீர்வு, மாவுப்பொருளைக் குறைத்து, புரதத்தோடு சேர்த்து, சிறு சிறு வேளைகளாக உண்பது. அந்த எண்களையும் நேரங்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து தேவைப்படும் அளவுக்குக் கடுமையானவையும் உண்டு. நடுங்கிக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை முதல் வாரங்களிலேயே வரலாம். காரணம் வேறு: உணவு குறைந்துவிட்டது, பழைய அளவு மருந்து அப்படியே இருக்கிறது. மருந்தைக் குறைக்கச் சொல்லி அன்றைக்கே கேளுங்கள். நிற்கும்போது தலை சுற்றுவதும் பல நேரம் இதே கதைதான். அங்கே பழைய அளவில் தொடர்வது ரத்த அழுத்த மாத்திரை.

சாப்பாட்டோடு தொடர்பே இல்லாமல்: நாள் முழுவதும் குமட்டல்

முதல் மாதத்தில் இப்படி என்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். தண்ணீர் போதாமல் குமட்டும். குமட்டுவதால் குடிக்கப் பிடிக்காது. குடிக்காததால் இன்னும் குமட்டும். சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஒரு நாளைக்கு 1.5 லிட்டர் என்பது, ஒரே மூச்சில் அரை டம்ளர் குடிக்க முடியாத ஆளுக்கு மலைப்பான கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு மிடறு என்று கைப்பேசியில் மணி வைத்துக்கொண்டேன். குளிர்ந்த நீர் சிலருக்கு இறங்கும், வெதுவெதுப்பானது சிலருக்கு. எனக்குச் சாதாரணத் தண்ணீர் உலோகம்போல ருசித்தது. எலுமிச்சைத் துண்டு ஒன்று போட்டதும் இறங்கியது. நாக்கும் மூக்கும் மாறிப்போவது இயல்பு. முன்பு பிடித்த மணம் இப்போது குடலைப் புரட்டும்; சில மாதங்களில் தணியும்.

தண்ணீர் சரி என்றால், மாத்திரைகளின் நேரத்தைப் பாருங்கள். வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரை போட்டு இருபது நிமிடத்தில் குமட்டுகிறதா? இரவு படுக்கும் முன் மாற்றிப் பாருங்கள்.

குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். எடை இறங்கத் தொடங்கியதும் கருத்தரிக்கும் திறன் எதிர்பாராத வேகத்தில் திரும்பும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை முழுக்க நம்ப முடியாது. எடை வேகமாகக் குறையும் முதல் 12 முதல் 18 மாதங்களில் கருவுறாமல் இருப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது என்பதே மருத்துவர்களின் அறிவுரை; மாத்திரை அல்லாத வேறு முறையை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிற்பாடு கர்ப்பமானால், சர்க்கரைக் கரைசலைக் குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனைக்கு முன் உங்கள் அறுவையைச் சொல்லிவிடுங்கள். அந்தக் கரைசல் ஒரு டம்ளர் டம்பிங்.

எரிச்சல், நெஞ்செரிவு

ஸ்லீவ் ஆனவர் என்றால் அமிலம் மேலே ஏறுவது. குழாய்க்குள் அழுத்தம் கூடியதால் வருகிறது. படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பது, தலைப்பக்கத்தை உயர்த்துவது, அமிலம் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றால் பலருக்கு அடங்கும். அடங்காமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும். சிலர் இதற்காகவே பைபாஸுக்கு மாறுகிறார்கள்.

பைபாஸ் ஆனவருக்கு, சாப்பிடும்போதெல்லாம் தொப்புளுக்கு மேலே சுடுவதுபோல வலித்தால் இணைப்பில் புண் இருக்கலாம். இரண்டு கேள்விகள் போதும்: புகைக்கிறீர்களா? வலி மாத்திரை போட்டீர்களா? ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் பைபாஸ் ஆனவருக்கு ஆகாதவை. பல்வலிக்கு, முதுகுவலிக்கு, காய்ச்சலுக்கு என்று யாராவது எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கும் பல் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள்; மருந்துக் கடையில் பெயரைப் படித்ததால் தப்பித்தேன். வலிக்குப் பாராசிட்டமால் கேளுங்கள். ஆஸ்பிரினை இதயத்துக்காகச் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

கொழுப்பான சாப்பாட்டுக்கு ஒன்றிரண்டு மணி கழித்து வலது விலாவுக்குக் கீழே தொடங்கி முதுகுக்குப் போகும் வலி இவற்றில் சேராது. எடை வேகமாகக் குறைந்தால் பித்தப்பையில் கல் சேரும். முதல் ஆறு மாதத்துக்கு அதைத் தடுக்கும் மாத்திரையைப் பல குழுக்கள் கொடுக்கின்றன.

மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு

முதல் மாதங்களில் மூன்று நாளுக்கு ஒருமுறை போவது பெரும்பாலும் உள்ளே போகும் அளவு குறைந்ததன் கணக்கு. கல்லாக இருந்தால் தண்ணீரும் நார்ச்சத்தும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதில் பங்குண்டு. பால் குடித்து ஒரு மணி நேரத்தில் வயிறு கலங்கினால், பால் சர்க்கரை செரிக்கவில்லை. தயிருக்கு மாறிப் பாருங்கள். மலம் எண்ணெய்ப் பசையாக மிதந்தால் கொழுப்பு உறிஞ்சப்படவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், கொழுப்போடு சேரும் வைட்டமின்களும் அதே வழியில் போய்விடும்.

மூன்றாம் மாதம்: முடி கொத்துக் கொத்தாக

எனக்கு இது வலியைவிட அதிக அழுகையைத் தந்தது. அறுவையின் அதிர்ச்சியிலும் உணவுக் குறைவிலும் நிறைய முடிவேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகின்றன. ஓய்வெடுத்த முடி மூன்று மாதம் கழித்து உதிர்கிறது. நீங்கள் சீப்பில் பார்ப்பது மூன்று மாதத்துக்கு முந்தைய செய்தி. வேர் சாகவில்லை. ஒன்பதாம் மாதம், ஓராண்டு வாக்கில் பெரும்பாலோருக்கு மீண்டும் முளைத்துவிடுகிறது. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் உள்ளே போகிறதா என்று மட்டும் பாருங்கள். ஓராண்டுக்குப் பிறகும் உதிர்ந்தால், அல்லது அப்போதுதான் தொடங்கினால் இரும்பு, துத்தநாகம், புரதம் மூன்றையும் ரத்தத்தில் சோதிக்க வேண்டும். முடி வளரட்டும் என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை வாங்கி விழுங்குபவர்களுக்கு ஒரு செய்தி: அது தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பொய்யாக்கும், ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

எடை நின்றுவிட்டது

எந்த வாரம்? மூன்றாம் வாரம் என்றால் எடைப் பொறியை அலமாரியின் மேல் எடுத்து வைத்துவிடுங்கள். தொடக்கத்தில் கடகடவென இறங்கியதில் பெரும் பங்கு, கிளைகோஜன் என்ற வடிவில் உடல் சேமித்திருந்த சர்க்கரையும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும். அது தீர்ந்ததும் முள் நின்றுவிடும். கொழுப்பு கரைவது மெதுவான வேலை. வாரக்கணக்கில் நின்று, பிறகு படியிறங்குவது போல இறங்கும். இந்தச் சமயத்தில் சாப்பாட்டை இன்னும் வெட்டுபவர்கள் புரதத்தை வெட்டுகிறார்கள், புரதம் குறைந்தால் தசை கரையும்.

எடை பெரும்பாலும் ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் அடிமட்டத்தைத் தொட்டு நிற்கும். அதன் பிறகு சில கிலோ ஏறுவது பலருக்கும் நடப்பது. விடாமல் ஏறினால் நோட்டை மறுபடியும் திறக்க வேண்டும். நான் திறந்தபோது கண்டது: வேளைகள் சிறியவைதான், ஆனால் வேளைகளுக்கு நடுவே இடைவெளியே இல்லை. ஒரு பிஸ்கட், ஒரு கைப்பிடி கொறிப்பு, ஒரு மிடறு இனிப்புப் பானம். நொறுக்குத் தீனி வாயிலேயே கரைந்துவிடும், பையில் தங்காது, அடைக்காது, நிறைக்காது. இறைச்சித் துண்டு நான்கு வாயில் போதும் என்கிற வயிறு, கரையும் பண்டத்தைப் பொட்டலம் முழுவதும் வாங்கிக்கொள்ளும். பை விரிந்துவிட்டதோ என்று எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறோம். பலமுறை விரிந்தது பை அல்ல, சாப்பிடும் நேரம்.

வயிறு நிறைந்திருக்கிறது, ஆனாலும் பசிக்கிறது

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியையே எடுத்துவிடுவதால் முதல் மாதங்களில் பசி என்பதே மறந்துபோகும். அப்போதும் மாலை ஐந்து மணிக்கு ஏதோ ஒன்று வாயில் போடச் சொல்கிறது என்றால், கேட்பது வயிறு அல்ல. சோதனை எளிது: அவித்த முட்டை ஒன்று வேண்டுமா என்று உங்களையே கேளுங்கள். வேண்டும் என்றால் பசி. வேண்டாம், இன்னதுதான் வேண்டும் என்றால் சலிப்பு, கோபம், தனிமை, களைப்பு ஆகியவற்றில் ஒன்று. பல ஆண்டுகள் இவற்றையெல்லாம் சாப்பாட்டால் சமாளித்தவர்களுக்கு அந்தத் துணை ஒரே நாளில் பறிபோகிறது. அதற்காக அழுவது கிறுக்குத்தனம் அல்ல. மனநல ஆலோசகர் தேவை என்று தோன்றினால் தள்ளிப்போடாதீர்கள்.

சிலர் அந்த இடத்தில் மதுவைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பைபாஸ் வயிற்றில் மது சில நிமிடங்களில் ரத்தத்தில் ஏறும். முன்பு குடித்ததில் பாதிக்கே போதை தலைக்கேறும், இறங்கவும் நேரமாகும். இரண்டாம் ஆண்டிலிருந்து மதுப் பழக்கம் தொற்றும் அபாயம் கூடுகிறது. முன்பு குடிக்காதவர்களும் விதிவிலக்கு இல்லை.

கண்ணாடி பழைய ஆளைக் காட்டுவது, சட்டை வாங்கும்போது கை தானாகப் பெரிய அளவுக்குப் போவது, "போதும், இதற்கு மேல் இளைக்காதே" என்று உறவினர் சொல்வது ஆகியவற்றுக்கு என்னிடம் வழிமுறை இல்லை. கண்ணாடிக்கு ஓராண்டு பிடித்தது. உறவினர்களுக்கு இன்னும் பிடிக்கவில்லை.

தொல்லையே இல்லை

இதையும் ஓர் அறிகுறியாகவே எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டு, எல்லாம் இறங்குகிறது, உடை பொருந்துகிறது, மாத்திரைப் பெட்டி அலமாரியின் பின்பக்கம் போய்விடுகிறது. வைட்டமின் பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பாக இருக்கும். நிறுத்திய மறுநாள் எதுவும் ஆகாது. அது தீரும்போது கால் விரல்களில் மரத்துப்போதல், நாக்கில் எரிச்சல், மறதி என்று வரும். நரம்புச் சேதம் முழுவதும் திரும்பாமலும் போகலாம். இரும்பு குறைந்தால் படியேறும்போது மூச்சு வாங்கும், ஐஸ் கட்டியைக் கடிக்கத் தோன்றும். கால்சியம் குறைந்தால் பெரும்பாலும் எதுவுமே தோன்றாது. உடல் எலும்பிலிருந்து கேட்காமல் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே இங்கேயும் நேரக் கணக்குதான். கால்சியம் சிட்ரேட் வகையாக இருக்கட்டும், கார்பனேட்டுக்கு அமிலம் வேண்டும், நம்மிடம் அது குறைவு. ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம். ஒரே முறையில் 500, 600க்கு மேல் உறிஞ்சாது என்பதால் இரண்டு மூன்றாகப் பிரித்து. இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள், ஒன்றை மற்றொன்று தடுக்கும். தேநீரோடும் காபியோடும் இரும்பு மாத்திரையை விழுங்காதீர்கள். மெதுவாகக் கரையும்படி தயாரித்த பழைய மாத்திரை எதையாவது தொடர்ந்து எடுத்துவந்தால், அது புதிய குடல்பாதையில் சரியாக வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனை 3, 6, 12ஆம் மாதங்களில், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுள் முழுவதும். என் மூன்றாம் ஆண்டுப் பரிசோதனைக்குப் போகும்போது உடம்பில் ஒரு குறையும் இல்லை. இரும்பின் இருப்பு பாதியாகியிருந்தது. நோட்டில் நேரம் எழுதும் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டிருக்கிறேன்.